காகம் கரகமான நாள்: ஸ்டோரிவீவர் கதைகளோடு மூன்று ஆண்டுகள்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டை, பட்டா, சாதிச் சான்றிதழ், கல்லூரிப் பிள்ளைகளின் நோட்ஸ் என்று காலையிலிருந்து இரவு எட்டரை வரை காகிதத்தோடுதான் என் பொழுது. இப்படி எழுத்துக்கு நடுவிலேயே வளர்ந்த என் மகனுக்கு, இரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகும் படிக்க வரவில்லை என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது.

தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். தினமும் இரவு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, பாடத்தைக் கணீரென்று படிப்பான். நானும் சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் திரும்பிவிட்டன. அவன் நிற்கவில்லை. கண்ணெதிரில் இல்லாத பக்கத்தின் வரிகளை, விரலை வேறு வரிகளின் மேல் ஓட்டிக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தான். பாடம் முழுவதும் மனப்பாடம். நான் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்டபோது, முதல் வரியிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்தான். முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

மறுநாள் பள்ளிக்குப் போய் ஆசிரியையைப் பார்த்தேன். அவருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. "அம்மா, அவன் இன்னும் அரும்பில் இருக்கிறான், பயப்படாதீர்கள்" என்றார். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையைப் பார்த்துப் பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த நிமிடம் எனக்கு அது அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், மூன்று பெயர்களையும் பூவிலிருந்து எடுத்தவருக்குப் பிள்ளைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அரும்பை யாரும் தோற்றுப்போன மலர் என்று சொல்வதில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. மாதம் 1,200 ரூபாய் கட்டி ஒரு வாசிப்புப் பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். மூன்று மாதம் போனான். அங்கே 247 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்ல வைத்தார்கள். க, கா, கி, கீ என்று தொடங்கி னௌ வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வான். அட்டையைக் காட்டினால் எழுத்தைச் சொல்வான். ஆனால் நான்கு எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக வைத்தால், நான்கு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுவான். முன்பு பாடத்தை மனப்பாடம் செய்திருந்தான், இப்போது எழுத்து வரிசையை மனப்பாடம் செய்திருந்தான். ஒரு முழுக் கதையை அந்த மூன்று மாதத்தில் அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

ஸ்டோரிவீவர் என் கடைக்குத்தான் வந்தது. பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் பென் டிரைவில் ஆறு கதைகளைக் கொண்டுவந்து "அக்கா, இவற்றைக் கலரில் எடுத்துக் கொடுங்கள்" என்றார். எனக்குத் தயக்கம். முழுப் புத்தகத்தை நகலெடுக்கச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்புவது வழக்கம். எழுதியவர் உழைப்பு அது. அவர் சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பதிப்பகம் 2015-ல் தொடங்கிய இணையதளம்தான் ஸ்டோரிவீவர். கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களைச் சொல்லிவிட்டு யாரும் படிக்கலாம், அச்சடிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், வேறு மொழிக்கும் மாற்றலாம். கடைக்காரியாக எனக்கு அந்தப் பக்கம் பெரிய நிம்மதி. இன்றைக்கும் நான் அச்சடிக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தப் பெயர்ப் பக்கத்தை விடாமல் சேர்க்கிறேன். ஒரு தாள் மிச்சப்படுத்த அதை நீக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் சம்மதிப்பதில்லை.

ஆசிரியை போன பிறகு நானே அந்தத் தளத்தைத் திறந்தேன். தமிழைத் தேர்ந்தெடுத்து, நிலை 1 என்று வைத்தால் அட்டைப் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மொத்தம் நான்கு நிலைகள். முதல் நிலையில் 250 சொற்களுக்குள் அடங்கும் கதைகள். சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் நிலை 600 சொற்கள் வரை. மூன்றாவது, தானாகவே படிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு, 1,500 வரை போகும். நான்காவது அதற்கும் மேல். படிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. தமிழ் மட்டுமின்றி 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன.

முதலில் கைபேசியில்தான் கொடுத்தேன். அது சரிப்படவில்லை. படத்தைப் பார்த்ததும் விரலால் தள்ளி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். எழுத்தின் மேல் விரல் வைத்தால் பக்கம் நகர்கிறது. விரல் வைக்காமல் அவனால் வரியைப் பிடிக்க முடியவில்லை. அதனால் அச்சடித்தேன். ஏ4 தாளில் மேலும் கீழுமாக இரண்டு பக்கங்கள், பின்பக்கமும் அப்படியே. நடுவில் வெட்டி அடுக்கி, இடது ஓரத்தில் இரண்டு பின் அடித்தால் புத்தகம். 16 பக்கக் கதைக்கு 4 தாள் போதும். வெளியில் கொடுத்து எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு: கலர் என்றால் என் கடை விலையில் 80 ரூபாய், கறுப்பு வெள்ளை என்றால் 16 ரூபாய். முதல் ஐந்தாறு புத்தகங்களைக் கலரில் எடுங்கள், அதன்பின் கறுப்பு வெள்ளை போதும். என் மகன் கறுப்பு வெள்ளைப் புத்தகங்களுக்குத் தானே வண்ணம் தீட்டினான். அப்படித் தீட்டிய புத்தகங்களைத்தான் அதிகமாகத் திரும்பப் படித்தான்.

இப்போது காகத்துக்கு வருகிறேன்.

கோடை விடுமுறை, மத்தியானம், கடையில் கூட்டமில்லை. கல்லாவுக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து முதல் நிலைக் கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பெரிதாகக் காகத்தின் படம். கீழே 'காகம்' என்று எழுதியிருக்கிறது. அவன் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, க... ர... க... ம்... என்று கூட்டி, "கரகம்" என்றான்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கண்ணெதிரில் காகம் படம் இருக்கிறது, கரகம் என்கிறானே! அப்புறம்தான் உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே பையன் படத்தைப் பார்த்துவிட்டு, எழுத்தைத் தொடாமலே காகம் என்று சொல்லியிருப்பான். இன்றைக்குப் படத்தை விட்டுவிட்டு எழுத்தை நம்பினான். துணைக்கால் அவன் கண்ணுக்கு 'ர' போலத் தெரிந்திருக்கிறது. உண்மையிலேயே சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நீங்களே ஒரு சின்ன எழுத்துப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அவன் கண்டதைக் கண்டபடி படித்திருக்கிறான். அதுதான் அவன் வாழ்க்கையில் முதல் முதலாகப் படித்த சொல். நான் திருத்தவில்லை. "கரகமா? கரகம் மரத்தில் உட்காருமா?" என்று மட்டும் கேட்டேன். படத்தைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "காகம்!" என்றான். அந்தச் சத்தத்தில் பத்திரம் நகலெடுக்க வந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த சில வாரங்களில் இதே போலப் பல நடந்தன. பாட்டி 'பரட்டி' ஆனாள். பொம்மையைப் 'பெ, ர, ம், மை' என்று படித்தான். கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, நடுவில் இருக்கும் எழுத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெரியவர்களான நமக்கு இது பழகிப்போனதால் தெரிவதில்லை. 'தேர்' என்ற சொல்லில் கண் முதலில் பார்ப்பது ஏகாரக் குறியை, வாய் முதலில் சொல்வது தகரத்தை. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்குக் கண்ணும் வாயும் இப்படி மாறி மாறிப் போவது லேசான வேலை இல்லை. இதற்கு எழுத்து அட்டை உதவவே உதவாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே சொல் ஒரு கதைக்குள் எட்டுத் தடவை வரும்போது, மூன்றாம் தடவையே பிள்ளை அதைக் கூட்டாமல் முழுதாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அட்டையில் அந்த எட்டுத் தடவை கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எதற்காகப் படிக்கிறோம் என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. 'பூனை மரத்தில் ஏறியது' என்று படித்துவிட்டு, ஏன் 'ஏறுச்சு' என்று எழுதவில்லை என்று கேட்டான். அவன் வாயில் இருக்கும் தமிழ் வேறு, தாளில் இருக்கும் தமிழ் வேறு. படிக்கப் பழகும்போதே இன்னொரு தமிழையும் சேர்த்துப் பழகுகிறான். ஒரு சொல்லைச் சரியாகக் கூட்டிப் படித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று அவனுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் இது. இதற்கு நான் கண்ட மருந்து, புத்தகத்தைக் கொடுக்கும் முன் நாமே ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுவது. காதில் விழுந்த பிறகு கண்ணில் பட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறான். 'கடல்' என்பதில் வரும் ககரமும் 'பகல்' என்பதில் வரும் ககரமும் ஒரே எழுத்து, ஓசை வேறு. அந்தச் சொல் முன்பே காதில் இருந்தால்தான் வாய் சரியான ஓசையைப் பிடிக்கிறது.

மூன்றாம் வகுப்பு முழுவதும் வேகத்தின் ஆண்டு. மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தில் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்கள் என்று இலக்கு வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டு, நானும் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஜூன் மாதம் 19 சொல். பொங்கல் சமயத்தில் 41. அப்புறம் கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டேன். 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல், 'பூ' என்பதும் ஒரு சொல் என்றால், தமிழ்ப் பிள்ளையைச் சொற்கணக்கில் அளப்பது என் மனதுக்கு நியாயமாகப் படவில்லை. அதோடு, கடிகாரம் வைத்தால் அவன் கதையை விட்டுவிட்டு ஓட்டப் பந்தயம் ஓடுகிறான், முடிவில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிறான்.

வேகம் தானாக வந்தது, அதுவும் என் மாமியாரால் வந்தது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்த சமயம், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தோம். "அப்பாயிக்குப் படித்துக் காட்டு" என்று நான் சொன்னது அவனைப் பழக்குவதற்காக இல்லை, அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்றுதான். அவருக்கு ஒரு கதை பிடித்துவிட்டது. தினமும் அதையே கேட்பார். அவன் ஒரே கதையைப் பதினொரு முறை படித்தான். முதல் நாள் சொல் சொல்லாக நின்றவன், ஐந்தாம் நாள் வரி வரியாகப் போனான். எட்டாம் நாள் புலிக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல். அப்பாயி நடுவில் நிறுத்தி, "ஏன் அது ஓடவில்லை?" என்று கேட்பார். அவன் பின்னால் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்வான். எந்த வகுப்பிலும் கிடைக்காத பயிற்சி இது. திருத்துபவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை பயந்து படிக்கிறது, கேட்பவர் பக்கத்தில் இருந்தால் ஆசையாகப் படிக்கிறது.

சிகிச்சை முடிந்து கண் தெரிந்த பிறகு அப்பாயி தன்னுடைய பழைய பக்திப் பாடல் புத்தகத்தை எடுத்து அவனிடம் கொடுத்தார். அதில் 'லை', 'னை' எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவம். 1978-ல் அரசு மாற்றிய 13 எழுத்துகள் அதில் அப்படியே இருந்தன. இவன் திணற, அவர் விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டான். எழுத்தின் வடிவம் மாறினாலும் சொல் ஓடிவந்து உதவுகிறது என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

அந்த ஆண்டே பள்ளிக்கும் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் வந்தன. 2023-ல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். வீட்டில் ஸ்டோரிவீவர், பள்ளியில் அந்தப் புத்தகங்கள் என்று இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், அவை உங்கள் பிள்ளை கைக்கு வருகின்றனவா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

ஸ்டோரிவீவரைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பல கதைகள் வேறு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. மொழிபெயர்க்கும் போது கதையின் நிலை எண் அப்படியே வருகிறது, ஆனால் தமிழில் சொல் நீண்டுவிடுகிறது. முதல் நிலை என்று போட்டிருக்கும் கதையில் பத்து எழுத்துச் சொல் வந்தால் பிள்ளை மலைத்துப்போகும். எண்ணை மட்டும் நம்பாமல் முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் பிள்ளை தடுக்கினால் அந்தக் கதையை நீங்கள் படித்துக் காட்டுங்கள், இரண்டு மாதம் கழித்து அவனிடம் கொடுங்கள். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பது இந்தத் தளத்தின் பெரிய பலம். அதனாலேயே அச்சடிக்கும் முன் பெரியவர் ஒருவர் முழுதாகப் படித்துப் பார்ப்பதும் அவசியம். நான் ஒவ்வொரு கதையையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். வாய் தடுக்காமல் போனால் அச்சுக்குப் போகும்.

நான்காம் வகுப்பில் வேறொரு மேடு வந்தது. அதுவரை கதையாகப் படித்தவன் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் தடுமாறினான். 'ஆவியாதல்', 'ஒளிச்சேர்க்கை' என்று தங்குதடையில்லாமல் படிப்பான், என்னவென்று கேட்டால் தெரியாது. படிக்கக் கற்றுக்கொள்வது முடிந்து, படித்துக் கற்றுக்கொள்வது தொடங்கும் வயது அது. பெற்றோர் பெரும்பாலும் இங்கேதான் கையை விட்டுவிடுகிறோம், பிள்ளைக்குத்தான் படிக்க வந்துவிட்டதே என்று. தளத்தில் அறிவியலைக் கதையாகச் சொல்லும் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. ஈரத் துணி எப்படிக் காய்கிறது என்பதை ஒரு குழந்தையின் கேள்வியாக வைத்துப் பேசினால், பாடப் புத்தகத்தில் அந்தச் சொல் வரும்போது அதற்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. அதே கதையை ஆங்கிலத்திலும் எடுக்க முடியும் என்பது கூடுதல் லாபம். தமிழில் படித்து முடித்த கதையை ஆங்கிலத்தில் கொடுத்தேன். கதை முன்பே தெரிந்திருந்ததால் ஆங்கிலச் சொல்லைக் கண்டு மிரளவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. எழுதும்போது இன்றைக்கும் 'ர'வும் 'ற'வும் இடம் மாறுகின்றன, லகர ளகரம் சொல்லவே வேண்டாம். வாசிப்பு முன்னால் ஓடுகிறது, எழுத்து பின்னால் மெதுவாக வருகிறது. ஆனால் கடைக்கு வரும் அரசு விண்ணப்பங்களைப் படித்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று வயதானவர்களுக்குச் சொல்கிறான். அவன் தங்கை இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு. அண்ணன் வண்ணம் தீட்டிய காகக் கதை இப்போது அவளிடம் இருக்கிறது. முறுக்கு எண்ணெய் பட்டு ஓரமெல்லாம் கண்ணாடி போல் ஆகிவிட்டது. புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றேன், இதுதான் வேண்டும் என்கிறாள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நிலையில் பத்துக் கதைகளை எடுத்து அச்சடித்து, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து அச்சடிக்கச் சொன்னான். நான்காம் நிலை. 36 பக்கம், 9 தாள் ஆயிற்று. இரண்டு பின் தாங்கவில்லை, மூன்று அடித்துக் கொடுத்தேன்.